ஆசனம் கிடைத்தது, அதிகாரம் எங்கே?

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு நாம் போயிருப்பதாக வைத்துக் கொள்வோம். ஊராட்சி மன்றத் தலைவரைக் காண வேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "தலைவர் வீடு எது?" என்று விசாரிக்கிறோம். அவர் வழி காட்டுகிறார். போய்ச் சேர்ந்தால், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் திண்ணையில் வீற்றிருக்கும் கனவான் ஒருவர் நம்மை அன்புடன் வரவேற்கிறார். தெருவிளக்கைப் பற்றியும், தண்ணீர்க் குழாயைப் பற்றியும், ஏரிக்கரை ரஸ்தாவைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசுகிறார். அரை மணி நேரம் கழிந்த பிறகு நமக்கு ஒரு சந்தேகம் உதிக்கிறது. வாசற் பலகையில் எழுதியிருந்தது ஒரு பெண்மணியின் பெயர் அல்லவா?

"தலைவி அம்மாளைப் பார்க்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்கிறோம்.

"அதற்கென்ன, தாராளமாய்ப் பார்க்கலாம்!" என்று சொல்லிவிட்டு அவர் உள்பக்கம் திரும்பி, "இந்தா, இரண்டு காப்பி கொண்டு வா!" என்று குரல் கொடுக்கிறார். காப்பி கொண்டு வருகிறவரே தலைவி அம்மாள்!

இது நாம் கற்பித்த காட்சிதான். ஆயினும் கிராமங்களை அறிந்தவர்கள் எவரும் இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட மாட்டார்கள். வடநாட்டில் இத்தகைய கணவன்மார்களுக்குப் 'பிரதான்பதி' என்றும் 'சர்பஞ்ச்பதி' என்றும் பட்டப் பெயர்களே வழங்குகின்றன. நேயர்கள் சிரிக்கலாம், நாமும் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து முடிந்ததும் பலர் ஒரு முடிவுக்கு வந்து விடுகிறார்கள். "ஸ்திரீகளுக்கு ஸ்தானங்களை ஒதுக்கியதனால் என்ன பயன்? எல்லாம் கண்துடைப்பு!" என்பதே அந்த முடிவு. அது முற்றிலும் பிழை என்பது நம் அபிப்பிராயம். பிழை எங்கே இருக்கிறது, குற்றம் யாருடையது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பழைய கதை

பெண்கள் ஆட்சி மன்றங்களில் அமரவேண்டும் என்ற கோரிக்கை நேற்று முளைத்ததன்று. 1917ஆம் ஆண்டிலேயே அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, ஸ்ரீமதி சரோஜினி தேவியின் தலைமையில் பெண்மணிகளின் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் வோட்டுரிமை வேண்டும் என்று கேட்டது. 1921இல் சென்னைச் சட்டசபை அவ்வுரிமையை அளிக்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இந்த விஷயத்தில் முன்கை எடுத்த பெருமை சென்னைக்கு உரியது. சொத்துள்ளவர்களுக்கே வோட்டு என்ற காலம் அது. ஆகையால் வோட்டுப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. எனினும் கதவு திறந்துவிட்டது.

அந்தக் கதவின் வழியே ஸ்ரீமதி கமலாதேவி சட்டோபாத்தியாய 1926இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்று, சொற்ப வோட்டுகளில் தோல்வியுற்றார். நியமன அங்கத்தினராக உள்ளே நுழைந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற அம்மையாரை, 1927இல் சபையினர் ஏகமனதாக உப அக்கிராசனராகத் தேர்ந்தெடுத்தனர். அக்கிராசனம் என்றால் முதல் ஆசனம் என்று பொருள். ஆண்களே நிறைந்த அந்தச் சபையில் முதல் ஆசனத்துக்கு அடுத்த ஆசனம் ஒரு பெண்மணிக்குக் கிடைத்தது.

அம்மையார் அதை அலங்காரமாக வைத்துக் கொள்ளவில்லை. கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிப்பதற்காகப் போராடினார். 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் தேவதாசிகளின் மானிய நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. அந்த வழக்கத்தையே அடியோடு தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு வித்திட்டது அந்த ஆசனமே. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும் அம்மையார் தமது பதவியை ராஜினாமாச் செய்தார். ஆசனத்தை வகிக்கத் தெரிந்தது போலவே துறக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1930இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர் ஸ்ரீமதி ருக்மிணி லட்சுமிபதி. 1946இல் அவர் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியானார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த 15 பெண்மணிகளில் அம்மு சுவாமிநாதன், துர்க்காபாய், தாக்ஷாயணி வேலாயுதன் ஆகியோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள்.

வேண்டாம் என்றவர்கள்

இவ்வளவு மகத்தான ஆரம்பத்துக்குப் பிறகு நடந்தது என்ன என்பதை அறிய, இடையில் நிகழ்ந்த ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கென்று தனி ஸ்தானங்கள் ஒதுக்கவேண்டாம் என்று முதலில் வாதாடியவர்கள் பெண்களே! 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நமது மாதர் சங்கங்கள், "எங்களுக்குச் சலுகை வேண்டாம், சமத்துவம் போதும்" என்று ஒருமுகமாகக் கூறின. 1935ஆம் வருஷத்து இந்தியா சட்டம் அவர்கள் கேளாமலே சில ஸ்தானங்களை ஒதுக்கிற்று. சுதந்திரம் பெற்ற சமயத்திலும் அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்மணிகள் ஒதுக்கீட்டைக் கோரவில்லை. தேச விடுதலைப் போரில் தோளோடு தோள் நின்ற சகோதரர்கள், விடுதலைக்குப் பின் தாமாகவே இடம் விடுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள்.

அது உயர்ந்த நம்பிக்கை. ஆனால் சகோதரர்கள் இடம் விடவில்லை. தமிழ்நாட்டுச் சட்டசபையில் உள்ள 234 ஸ்தானங்களில், 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் பெண்கள் பெற்றவை 12 மட்டுமே. 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட லோக் சபையில் 543 பேருக்கு 74 பேர் பெண்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உப அக்கிராசனரான நாளிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கடந்தும் கணக்கு இப்படி இருக்கிறது!

பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா முதன்முதலில் 1996இல் வந்தது. பிறகு அது வருவதும் போவதுமாக இருந்து, 2023 செப்டம்பரில் புதிய உருவில் நிறைவேறியது. லோக் சபையில் ஆதரவாக 454 வோட்டுகள்; எதிராக இரண்டே இரண்டு. ராஜ்ய சபையில் எதிர்ப்பே இல்லை. ஆயினும் ஜனத்தொகைக் கணக்கெடுத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்த பின்னரே அது அமலுக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆகவே 2024 தேர்தல் அந்தச் சட்டம் அமலாகாமலே நடந்து முடிந்தது. இலை போட்டாகிவிட்டது, சாதம் வரும் வேளையைத்தான் தள்ளி வைத்தார்கள்!

மேல் மன்றங்களின் கதை இது. ஆனால் கீழே, கிராமத்தில், வேறொரு கதை நடந்தது. 1993 ஏப்ரல் 24ஆம் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்து ஸ்தானங்களிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. 2016இல் தமிழ்நாடு அந்தப் பங்கைப் பாதியாக உயர்த்திற்று. ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் பாதிப் பங்கு என்பது சாமானியமன்று. நம் பாட்டிமார் கனவிலும் கண்டிராத எண்ணிக்கையில் பெண்கள் தலைமை நாற்காலியில் அமர்ந்தார்கள். பலன் யாது?

வங்காளம் காட்டிய உண்மை

இந்தக் கேள்விக்கு விடை தேடச் சில பொருளாதார அறிஞர்கள் மேற்கு வங்காளத்துக்குச் சென்றார்கள். அங்கே எந்த ஊராட்சியின் தலைமையைப் பெண்களுக்கு ஒதுக்குவது என்பதைக் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தீர்மானித்திருந்தார்கள். ஆகவே பெண் தலைமை வகித்த ஊர்களையும் மற்ற ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயரும், பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ அம்மையாரும் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டது இது: வங்காளத்தின் பீர்பூம் ஜில்லாவிலும் ராஜஸ்தானத்தின் உதயபூர் ஜில்லாவிலும், பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகள் குடிதண்ணீருக்கு அதிகமாகச் செலவிட்டன. குடம் சுமந்த தலைக்கே தண்ணீரின் பாரம் தெரியும் என்பதில் ஆச்சரியம் என்ன?

இதைவிட ரஸமான சோதனை ஒன்றும் அங்கே நடந்தது. ஊர்த் தலைவர் ஒருவர் சபையில் பேசுவது போன்ற ஒரே பிரசங்கத்தை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து, சிலருக்கு ஆண் குரலையும் சிலருக்குப் பெண் குரலையும் கேட்கச் செய்தார்கள். வார்த்தைகள் அட்சரம் பிசகாமல் ஒன்றே. பெண் தலைமையை ஒருபோதும் கண்டிராத ஊர்களில், பெண் குரலைக் கேட்ட ஆண்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் ஒருத்தி தலைமை வகித்துப் பார்த்த ஊர்களிலோ அந்த வேற்றுமை மறைந்து போயிற்று! "உங்களுக்கு ஆண் தலைவர் வேண்டுமா, பெண் தலைவர் வேண்டுமா?" என்று கேட்டால் அவ்வூர் ஆண்கள் பழையபடி ஆணே வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் செயலை எடை போடும்போது தராசு நேராகிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு முறை பெண் தலைமையைக் கண்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பொது ஸ்தானங்களுக்குப் பெண்கள் நின்றார்கள்; ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர் நின்று ஜயித்தும் காட்டினார்கள்.

2012இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி 495 கிராமங்களைப் பற்றியது. பெண் தலைமையைக் கண்ட ஊர்களில், மகனுக்கு ஒரு கனவு, மகளுக்கு ஒரு கனவு என்று பெற்றோர் வைத்திருந்த வேற்றுமை குறைந்தது. பெண் குழந்தைகள் படிப்பில் ஆண் குழந்தைகளை எட்டிப் பிடித்தார்கள். வீட்டு வேலையில் அவர்கள் செலவழித்த நேரமும் குறைந்தது. ஊர்ச் சபையின் நாற்காலியில் அமர்ந்தவள் ஒருத்தி. பள்ளிக்கூடத்து மணைப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களோ ஊர்ப் பெண் குழந்தைகள் அனைவரும்!

தண்ணீருக்காக ஓர் உயிர்

இந்தப் பலன்கள் சுலபமாகக் கிடைத்தவை அல்ல. மதுரை வில்லாபுரத்தை நேயர்கள் அறிவார்கள். 1996இல் அப்பகுதியின் பிரதிநிதியாக மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மார்க்ஸிஸ்ட் கட்சியைச் சேர்ந்த லீலாவதி. குழாய்த் தண்ணீர் இன்றி, விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கி ஜனங்கள் அவதிப்பட்ட இடம் அது. லீலாவதி விடாமல் மன்றாடி அங்கே குடிநீர்க் குழாய் வரச் செய்தார். தண்ணீரில் பணம் பண்ணியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23ஆம் தேதி, பட்டப்பகலில், அவரை வெட்டிக் கொன்றார்கள்.

பெண் தலைமை வெறும் கண்துடைப்பு என்று சொல்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். கண்துடைப்பானவரைக் கொல்வதற்கு எவராவது கத்தி எடுப்பாரா? அதிகாரம் மெய்யாகவே கைமாறியது; அதனால்தான் ஆத்திரம் மூண்டது.

ஜாதியும் சேர்ந்துகொண்டால் கஷ்டம் இருமடங்காகிறது. கடலூர் ஜில்லாவில் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவியான தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி, மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டைத் தலைகுனிய வைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் தொடரப்பட்டது. சட்டம் முதல் ஆசனத்தைக் கொடுத்திருந்தது. ஊரோ ஒரு நாற்காலியைக் கூடக் கொடுக்கவில்லை!

கையெழுத்து யாருடையது?

நாற்காலியை அடுத்தது கையெழுத்து. தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டப்படி, ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். பணம் ஒருவர் கையில் தனியே சிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைவி தம் சொல்லைக் கேளாதவர் என்று கண்டால், உபதலைவர் பேனாவைத் திறக்க மறுத்துவிடலாம். அவ்வளவுதான்; தெருவிளக்கு எரியாது, குப்பை வண்டி ஓடாது. பழி மட்டும் தலைவியைச் சேரும்.

உபதலைவருடைய தொல்லை வெளியிலிருந்து வருவது. கணவனுடைய தொல்லையோ வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று அவர் காகிதத்தை நீட்டுகிறார், அம்மாள் போடுகிறார். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே அந்த வீட்டில் இல்லை. பிற்பாடு கணக்கில் கோளாறு கண்டால் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர் கையெழுத்திட்டவரே. இந்த நோயின் கடுமையை உணர்ந்தே மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023இல் ஒரு குழுவை நியமித்தது. மனைவியின் பதவியைக் கணவன் நடத்தினால் கடுமையான தண்டனை வேண்டும் என்று அக்குழு 2025இல் யோசனை கூறிற்று.

தண்டனை நல்லதுதான். ஆனால் தண்டனையால் மட்டும் தைரியம் பிறக்குமா? தைரியம் பழக்கத்தால் வருவது. இதற்கும் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1989இல் தர்மபுரி ஜில்லாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. ஒரு டஜன் பெண்கள் கூடுகிறார்கள். சிறு தொகை சேமிக்கிறார்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறார்கள். வாரக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கிறார்கள். பாங்கிக்குத் தாமே சென்று மானேஜரிடம் பேசுகிறார்கள். பார்ப்பதற்கு இது அற்ப விஷயம். ஆனால் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கப் பழகிய கை, ஊராட்சிக் காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாது.

பழக்கம் ஏற்பட நாற்காலி நிலையாக இருக்கவும் வேண்டும். 2016இல் ஊராட்சிகளின் காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரையில் தமிழ்நாட்டில் கிராமத் தேர்தலே நடக்கவில்லை. தனி அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். 2025 ஜனவரியில், 28 ஜில்லாக்களின் ஊராட்சிகளுக்குக் காலம் முடிந்தபோதும் தனி அதிகாரிகளே நியமிக்கப்பட்டார்கள். தேர்தல் தள்ளிப் போனால் ஆண்களுக்கும் நஷ்டந்தான். ஆனால் இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்ட பெண்மணிக்கு அந்த இடைவெளி மறுபடியும் மௌனத்தையே பழக்கிவிடும்.

வீட்டிலிருந்தே ஆரம்பம்

இவ்வளவும் கிராமத்துச் சங்கதி, பட்டணத்தில் வசிக்கும் நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். திண்ணைக் கனவானைக் கண்டு சிரித்தோமே, நம் வீட்டில் நடப்பது யாது? வருமான வரிக் காகிதத்தில் அம்மாளின் கையெழுத்து எப்படி விழுகிறது? வீட்டுக் கடன் பத்திரத்தை அம்மாள் படித்துப் பார்த்தாரா? குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர் யார்? கிராமத்துத் தலைவி படிக்காதவர், அதனால் கணவர் பார்த்துக் கொள்கிறார் என்கிறோம். நம் வீட்டு அம்மாள் பட்டதாரி. அப்போதும் கணவர்தானே பார்த்துக் கொள்கிறார்! எழுத்தறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. 'இதெல்லாம் உனக்கெதற்கு?' என்ற ஒரு வார்த்தையே நாற்காலியின் காலை அறுக்கும் வாள்.

ஆகவே நமது வேண்டுகோள் சில உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்களைத் தமிழ்நாட்டில் கிராம சபைக்கென்று குறித்திருக்கிறார்கள். சொந்த ஊருக்குப் போகும் சமயத்தில் சபை கூடினால், தவறாமல் செல்லுங்கள். கேள்வியைத் தலைவியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், "ஐயா, அம்மாள் சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் காத்திருங்கள். நம் சட்டசபைகளில் ஆண்கள் தயங்கித் தயங்கிப் பேசக் கற்றதற்கு நாடு எத்தனை ஆண்டுகள் பொறுமையாய்க் காத்திருந்தது!

வீட்டில் மகளுக்குக் கணக்கு நோட்டைக் கொடுங்கள். ஒரு மாதத்து வரவு செலவை அவள் எழுதட்டும். இராச் சாப்பாட்டுக்குப் பின் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கட்டும். தகப்பனார் உட்பட எல்லாரும் அவளுக்குப் பதில் சொல்லட்டும். அவள் நாளை ஊராட்சித் தலைவியாவாளோ, சட்டசபைக்குச் செல்வாளோ நாம் அறியோம். எங்கே சென்றாலும் படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டாள் என்பது நிச்சயம்.

சட்டம் செய்யக்கூடியதில் பெரும் பகுதியைச் செய்துவிட்டது. ஆசனத்தை அது கொடுத்தாயிற்று. அதில் அமர்ந்தவருடைய சொல் சபை ஏறுவது நம் வீட்டுக் கூடத்தில் தீர்மானமாக வேண்டிய விஷயம். அடுத்த முறை அந்தக் கிராமத்துக்கு நாம் போகும்போது, திண்ணையில் அம்மாள் வீற்றிருந்து ஊராட்சி விஷயம் பேசட்டும். கனவான் உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டு வரட்டும். சர்க்கரை சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் நாம் பாதகமில்லை என்று குடிப்போம்.